காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி!

'மூன்று தடவை ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லையே' என்று வருந்துபவர்கள், முதலில் ஊசி போட்ட நேரத்தை யோசித்துப் பாருங்கள்.

கறவை மாடு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்துவது, தீவனமும் பாலும் குறைவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற திரவம் கயிறுபோல் தொங்குவது ஆகியவை அறிகுறிகள். வேறு மாடு தன்மீது தாவும்போது விலகாமல் நின்றால், சந்தேகமே வேண்டாம், அது பருவம்தான்.

இந்த அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம் வரைதான் இருக்கும். அவை அடங்கி 10-12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளியாகும். அந்த முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அது வரும்போது விந்தணுக்கள் உள்ளே தயாராக இருக்க வேண்டும். அதனால், கத்தியவுடனே ஊசி போட்டுவிடக் கூடாது. மறுநாள் வரை தள்ளிப்போடவும் கூடாது. காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போடுங்கள்.

எருமையில் அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியாது. இரவிலும் அதிகாலையிலும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

திரவம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கலங்கி வந்தால், கருப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குணமான பிறகே ஊசி.

ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 18-ம் நாளிலிருந்து தினமும் காலை, மாலை, இரவு மாட்டைக் கவனியுங்கள். ஒரு பருவம் தவறினால் 3 வாரத் தீவனச் செலவு வீண். அடுத்த ஈற்றும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.