குழந்தையின் கைக்கு எட்டும் நூல்

எழுத்தறிவு என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது பள்ளிக்கூடமே. கரும்பலகையும் அரிச்சுவடியும் வரிசையாய் அமர்ந்த பிள்ளைகளும் கண்முன் தோன்றுவர். ஐந்து வயது நிறைந்து பள்ளியிற் சேர்த்த நாளிலிருந்து குழந்தை படிக்கத் தொடங்குகிறது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அந்த வேலை தொடங்கியிருக்க வேண்டும். நூலை எப்பக்கம் மேலாகப் பிடிப்பது, தாளை எத்திசையிற் புரட்டுவது, படத்தின் கீழுள்ள கரிய கோடுகளைப் பார்த்தே தாய் கதை சொல்கிறாள் என்பது, நேற்றுச் சொன்ன அதே சொற்கள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன என்பது ஆகிய இவையெல்லாம் மடியிலிருந்து கதை கேட்ட குழந்தைக்குத் தாமே விளங்கிவிடும். நூலையே காணாத குழந்தைக்கோ இவையனைத்தும் முதல் வகுப்பில், எழுத்துகளைக் கற்கும் அதே வாரங்களில், ஒரு சேர வந்து நிற்கின்றன.

நாம் இன்று எடுத்துக்கொள்ளும் இடம் ஒக்கலிபுரம். பெங்களூர் நகர இரயில் நிலையத்திற்கு அண்மையில், தண்டவாளங்களின் ஓரமாக, ஸ்ரீராமபுரத்தை அடுத்து அமைந்த பகுதி அது. ஆலைத் தொழிலை நம்பிப் பல்லாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கத்தில் மிகுதி. இங்கு ஒரு குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் கன்னடம் கேட்கிறது. பக்கத்து வீட்டில் தெலுங்கோ உருதுவோ ஒலிக்கிறது. பள்ளியிற் சேர்ந்தவுடன் ஆங்கிலமோ கன்னடமோ பாடமொழியாகிறது. நான்கு வயதில் மூன்று மொழிகளிற் சண்டையிடவும் சமாதானம் செய்யவும் வல்ல குழந்தை அறிவிற் குறைந்ததென்று எவரும் சொல்லத் துணியார். ஆயினும் அக்குழந்தையின் வீட்டில் நாட்காட்டியைத் தவிர அச்சிட்ட தாள் ஒன்றும் இல்லாதிருக்கக் கூடும். அதன் வாழ்வில் முதல் நூல் பள்ளிப் பாடநூலாகவே வந்து சேருகிறது. பாடநூலோ தேர்வோடு சேர்ந்து வருவது. நூல் என்றாலே கேள்வி கேட்கும் பொருள் என்ற அச்சம் அன்றே ஊன்றிவிடுகிறது.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 என்று நாம் பெருமையுடன் கணக்கிடுவோம். குழந்தைக்கு இடர் இந்த எண்ணிக்கையில் இல்லை. முப்பது வடிவங்களும் சில குறிகளும் பழகினால் மற்றவை தொடர்ந்து வரும். உண்மையான இடர் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 'கெ' என்பதில் மெய்யொலி முதலிலும் உயிரொலி பின்னும் கேட்கிறது. எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் அணைத்துக்கொள்கிறது. இரண்டாவது, ஒரே 'க' கடலில் ஒருவிதமாகவும், பகலில் வேறுவிதமாகவும், தங்கத்தில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது. எவ்விடத்தில் எவ்வொலி என்பதை எழுத்து நமக்குக் காட்டுவதில்லை. அச்சொல்லை முன்னரே காதாற் கேட்டறிந்த குழந்தை தடையின்றி அதனைச் சரியாக ஒலித்துவிடும். கேட்டறியாத குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி, கூட்டிய பின்னும் இது என்ன சொல் என்று விழிக்கும். ஆகவே செவிச் செல்வம் முன்னும் எழுத்துப் பின்னும் வர வேண்டுமென்பது தமிழைப் பொறுத்தமட்டில் இரட்டிப்பு உண்மை.

இதனோடு பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்ற பிரிவும் சேர்கிறது. வீட்டில் 'வந்துச்சு' என்பது நூலில் 'வந்தது' ஆகிறது. 'அவங்க' என்பது 'அவர்கள்' ஆகிறது. படித்துக் காட்டக் கேட்ட குழந்தைக்கு இந்த மாற்றம் விளையாட்டாகவே பழகிவிடும். பூனை பேசும்போது 'நான் போகிறேன்' என்று சொல்லும். பாட்டி பேசும்போது 'நான் போறேன்' என்பாள். இரண்டும் ஒன்றே என்று அது கண்டுகொள்ளும். பெங்களூர்த் தமிழிற் கன்னடச் சொற்களும் கலந்திருப்பதால் இந்த இடைவெளி இன்னும் சற்று அகலமானது. அதனை இட்டு நிரப்ப இலக்கண வகுப்பால் இயலாது. மாலைதோறும் பத்து நிமிடம் உரக்கப் படிக்கும் ஒரு குரலால் இயலும்.

நாட்டின் கிராமப்புறங்களில் 'அசர்' என்னும் கல்வி நிலை ஆய்வு பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லோர், அதன்படி, 2018-ல் நூற்றுக்கு 27.3, பெருந்தொற்றுக்குப் பின் 2022-ல் 20.5, 2024-ல் மீண்டும் 27.1. இவை கிராமங்களைப் பற்றிய எண்கள். ஒக்கலிபுரத்தின்மீது அப்படியே ஏற்றிச் சொல்வது முறையாகாது. ஆயினும் மூன்றாம் வகுப்பு எத்துணை முக்கியமான படி என்பதை அவை காட்டுகின்றன. அதுவரை பிள்ளைகள் படிப்பதற்குக் கற்கின்றனர். அதற்குப் பின் கற்பதற்குப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படியில் தவறி நின்ற பிள்ளைக்குச் சூழ்நிலையியலும் கணக்கும் ஒருசேரக் கைவிட்டுப் போகின்றன. அதனாலேதான் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தளப் பருவமாக வகுத்தது.

சரி, பெங்களூரில் நூல்களுக்கு என்ன பஞ்சம் என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. கப்பன் பூங்காவினுள் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது. விசுவேசுவரையா மைசூர் திவானாக இருந்த காலத்தில் முளைத்த பொது நூலக முயற்சியின் மரபு அது. அதே பூங்காவிற் பிள்ளைகளுக்கென்றே தனி நூலகமும் உண்டு. ஒக்கலிபுரத்திலிருந்து அங்கே நான்கைந்து கிலோமீட்டர்தான். பெரியவர்களுக்கு இது ஒரு தூரமே அன்று. ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் தூரம் வேறு கோலால் அளக்கப்படுவது. சாலையைக் கடந்து செல்ல வேண்டுமெனில் ஒரு பெரியவரின் ஓய்வு வேண்டும். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அந்த ஓய்வு ஞாயிறன்றுதான் கிட்டும். ஞாயிறன்று துணி துவைக்க வேண்டும். ஆதலின் குழந்தையின் நூலகம் அதன் தெருவிலேயே இருந்தாலன்றி இல்லாததற்கு ஒப்பாகும்.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்த ஒருவர் இதே நகரில் வாழ்ந்து மறைந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பணியாற்றி, தம் இறுதிக் காலத்தைப் பெங்களூரிற் கழித்தார். ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி நடுவத்தை 1962-ல் இங்கேயே நிறுவினார். 1972-ல் இங்கேயே காலமானார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல் பாதுகாப்பதற்காக அன்றிப் பயன்படுத்துவதற்காகவே உள்ளது என்ற கருத்தைச் சொல்வது. இன்று இது வெளிப்படையாகத் தோன்றலாம். நம் பள்ளிகளில் எத்தனை பீரோக்களின் சாவி தலைமையாசிரியரின் மேசையில் உறங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் விதி பழையதாகிவிடவில்லை என்று தெரியும். அதே 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டது. படிப்பவர் நூலகத்திற்கு வர இயலாதபோது நூலகம் படிப்பவரிடம் செல்ல வேண்டும் என்ற எளிய அறிவு அதிற் பொதிந்திருந்தது.

கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ல் இயற்றப்பட்டது. சொத்துவரியுடன் நூற்றுக்கு 6 வீதம் நூலக வரியும் சேர்ந்து பெங்களூரிற் செலுத்தப்பட்டு வருகிறது. ஒக்கலிபுரத்தில் ஓரறை வீட்டில் வாடகைக்கு இருப்பவரும் வாடகையின் வழியே அவ்வரியிற் பங்கு கொள்பவர்தாம். ஆகவே அவருடைய குழந்தைக்குப் படநூல் கேட்பது இரவல் கேட்பதாகாது. மாநிலத்தின் கிராம ஊராட்சி நூலகங்களில் 2020-ல் 'ஓதுவ பெளக்கு', அதாவது 'வாசிப்பின் ஒளி', என்னும் திட்டம் தொடங்கிச் சிறுவர்களுக்குக் கட்டணமின்றி உறுப்பினர் உரிமை அளிக்கப்பட்டது. மெச்சத்தக்க செயல். ஆனால் அது ஊராட்சிகளுக்குரியது. மாநகரின் நடுவிலுள்ள தெருக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பேரூரில் வாழ்வதால் நேரும் இழப்புகளுள் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்!

இனி, நூல்கள் எங்கிருந்து வரும்? சிறு குழந்தைக்கு உரிய நூல் பல வண்ணப் படங்களோடு அமைய வேண்டும். ஓவியருக்கு ஊதியம், வண்ண அச்சு, கெட்டியான தாள் இவற்றால் செலவு மிகும். படிகளோ சில ஆயிரமே விற்கும். ஒரு தமிழ்ப் படநூலின் செலவை அச்சில ஆயிரம் படிகள்மீது பகிர்ந்தால் விலை உயர்ந்துவிடும். விலை உயர்ந்தால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் அடுத்த பதிப்பு இல்லை. இச்சுழலை உடைக்கும் ஒரு வழி பெங்களூரிலேயே வகுக்கப்பட்டது. 2004-ல் இங்கு தொடங்கப்பட்ட 'பிரதம் புக்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை, ஒரே படத்தொகுதியை வைத்துக்கொண்டு பல இந்திய மொழிகளில் நூலை அச்சிட்டது. ஓவியச் செலவு ஒருமுறை, மொழிகள் பல. 2015 செப்டம்பர் 8-ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, அதே நிறுவனம் 'ஸ்டோரிவீவர்' என்ற இணையக் களஞ்சியத்தைத் திறந்தது. அங்குள்ள கதைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் மறவாது குறிப்பிட்டாற் போதும். இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதைகள் உள்ளன. படிக்கும் திறனை நோக்கி அவை நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலையில் ஒரு நூல் முழுவதும் 250 சொற்களுக்கு மேற்போகாது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். நான்காம் நிலை தாமே படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் எல்லாம் நல்ல தமிழ் இல்லை. வேற்றுமொழி வாக்கியத்தின் எலும்பின்மீது தமிழ்ச் சொற்களைப் போர்த்திய கதைகளும் உள. பெரியவர்கள் அவற்றைப் பொறுத்துக்கொள்வர். குழந்தை பொறுக்காது, எழுந்து போய்விடும். ஆகவே நூலைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே குழந்தையின் கவனமும் இடறும்.

இணையத்தில் உள்ளதைக் கைப்பேசியிலேயே காட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். நூலே இல்லாத வீட்டில் அதுவும் நன்றே. ஆனால் அக்கருவி தந்தையின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்தபின் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. தாள்நூல் மின்னூட்டம் கேட்பதில்லை. இரண்டு குழந்தைகளின் நடுவே தரையில் விரித்து வைக்க இசைவது. பிடித்த பக்கத்திற்கே நூறுமுறை திரும்பிச் சென்றாலும் சலிக்காதது. சிறு குழந்தைக்கு அந்த நூறுமுறைதான் பாடம்.

ஒக்கலிபுரத்துப் பெற்றோர் சிலரிடம் வேறோர் ஐயம் எழலாம். கர்நாடகத்தில் வாழும் பிள்ளைக்குத் தமிழ்நூல் எதற்கு, கன்னடமும் ஆங்கிலமும் பின்தங்கிவிடாவோ என்பது அது. எளிதில் தள்ளத்தக்க ஐயம் இல்லை இது. பிள்ளையின் பிழைப்பைப் பற்றிய கவலை. ஆயினும் படித்தல் என்னும் செயலின் மறைபொருள் ஒருமுறை விளங்கினாற் போதும். மறுமொழியில் அதனை மீண்டும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. தமிழிலும் கன்னடத்திலும் மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாகும் முறை ஒன்றே. 'கா' என்பதன் கட்டமைப்பை அறிந்த குழந்தை அதன் கன்னட வடிவத்தை விரைவிற் பற்றிக்கொள்ளும். நன்கு தெரிந்த மொழியில் அந்த முதற் கதவைத் திறப்பதே சிக்கனமான வழி. ஒரு பக்கத்தில் இரு மொழிகளும் அச்சிட்ட நூல்கள் இத்தகைய தெருக்களுக்கு மிகவும் ஏற்றவை. அக்காள் கன்னடத்தைப் படிப்பாள். அம்மா தமிழைப் படிப்பாள். படம் இருவருக்கும் பொது.

தெருவில் நூல்களை வைக்க விரும்புவோர்க்குச் சில செய்திகள். அங்கன்வாடியோ, கோயில் திண்ணையோ, பொது மனம் படைத்த ஒருவரின் முன்னறையோ போதும். நூல்களை அடுக்கி முதுகைக் காட்டுவது பெரியவர் வழக்கம். படிக்கத் தெரியாத குழந்தைக்கு நூலின் முகம் தெரிய வேண்டும். பீரோவைவிடச் சுவரில் குழந்தையின் மார்பளவு உயரத்திற் கட்டிய கயிறும் சில கவ்விகளும் நன்று. நூல்கள் தோரணம்போல் தொங்கும். இரவல் ஏட்டிற் குழந்தையே தன் பெயரை எழுதட்டும். எழுத வாராதது ஒரு வட்டமோ மீனோ வரையட்டும். அடுத்த மாதம் அதே ஏட்டில் அந்த மீனுக்குப் பக்கத்தில் முதலெழுத்து வந்து நிற்கக் காணலாம். எழுத்தறியாத பாட்டியரை ஒதுக்கிவிட வேண்டா. படத்தைப் பார்த்து அவர்கள் கட்டிச் சொல்லும் கதை அச்சிட்ட கதையிலிருந்து மாறினாலும் கேடில்லை. குழந்தையே ஒருநாள் அதனைக் கண்டுபிடித்துத் திருத்தும்.

நூல்கள் கிழியும். கடித்த ஓரங்களோடும் சாம்பார்க் கறையோடும் சில திரும்பும். சில திரும்பவே மாட்டா. இதற்கு அபராதம் விதிக்கும் நூலகத்தில் இரண்டாம் மாதமே குழந்தைகள் குறைந்து போவர், தாய்மார் நூலை வீட்டிற்குக் கொண்டுவர அஞ்சுவதால். நூறு நூல் வாங்கப் பணம் இருப்போர் எண்பது வாங்கி, எஞ்சிய தொகையைக் கிழிந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை வாங்க ஒதுக்கி வைப்பது தக்கது. குழந்தைகள் மிகவும் விரும்பிய நூல்களே முதலிற் கிழியும். அவற்றையே மறுபடி வாங்க வேண்டும்.