ஒரு மாணவனின் கொப்பியில் றொபின்சன் குரூசோ



இவ்விலக்கியத் தொடரிலே ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதன் ஆசிரியர், காலம், கதைப்பொருள், பாத்திரப் படைப்பு என்ற ஒழுங்கிலே பேசுவது வழக்கம். இன்று அவ்வொழுங்கைச் சற்று மாற்றி, ஒரு நூலைப் பற்றியும் அதனை வாசித்த ஒரு மாணவனைப் பற்றியும் பேச விழைகின்றேன். நூல், டானியல் டீபோ எழுதிய 'றொபின்சன் குரூசோ'. மாணவன், எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிலே தமிழ் பயில்பவன். அவனது இசைவுடனேயே இதனைக் கூறுகின்றேன். பெயரைச் சொல்லவேண்டாம் என்பது அவன் விருப்பம்.

சிறு வகுப்பிலே இந்நாவலின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் வாசித்தவன் அவன். விடுமுறைக் காலத்தில் முழு நூலையும் ஆங்கிலத்திலேயே, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கப் போவதாக வந்து சொன்னான். ஒரு கொப்பியைக் கொடுத்து, "விமர்சனம் ஒன்றும் எழுத வேண்டாம். வாசிக்கும்போது மனதில் படுவதைப் பட்ட இடத்திலேயே குறித்து வையும்" என்றேன். தவணை தொடங்கியபோது கொப்பி நிறைந்து வந்தது.

இந்நூல் 1719 ஏப்ரில் 25 ஆம் திகதி இலண்டனில் வெளிவந்தது. அப்போது டீபோ அறுபது வயதை அண்மித்திருந்தார். வணிகத்தில் இறங்கி நொடித்தவர், பத்திரிகையாளர், அரசியற் பிரசுரங்கள் பல எழுதியவர். முதற் பதிப்பிலே அவர் பெயர் இல்லை. குரூசோ என்ற மாலுமி தன் வரலாற்றைத் தானே எழுதியதாகவே முகப்பு கூறிற்று. அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற ஸ்கொத்லாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை பசுபிக் தீவொன்றில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்திருந்த செய்தி அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. டீபோ தம் நாயகனை 28 ஆண்டுகள் தீவிலே இருத்தினார்.

நாவல் இலக்கியத்தின் தோற்றம் பற்றிக் கற்பிக்கும்போது, ஆங்கில நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவேன். தன்முயற்சி, உழைப்பின் உயர்வு, இறைநம்பிக்கை, தனிமையை வெல்லும் மனத்திடம் என நான்கு குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்களும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இந்நான்கும் பிழையானவை அல்ல. ஆயினும், அம்மாணவனின் கொப்பியை வாசித்த பின்னர் அவற்றை முன்போல எழுத என்னால் முடியவில்லை.

அவன் முதலில் திகைத்து நின்ற இடம், தீவுக்கு வருமுன்பே அமைந்திருக்கிறது. கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்ட குரூசோ, மொறோக்கோவின் சலே துறைமுகத்தில் இரண்டு ஆண்டுகள் அடிமையாயிருந்து, சூரி என்ற சிறுவனுடன் படகிலே தப்புகிறான். காட்டு மனிதர் வந்தால் தன்னைத் தின்னட்டும், நீ தப்பிப்போ என்று சொல்லும் அளவுக்கு அன்புள்ளவன் அச்சிறுவன். அவர்களைக் காப்பாற்றிய போர்த்துக்கேயக் கப்பற் தலைவனுக்கு அவனைக் குரூசோ அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றுவிடுகிறான். கிறிஸ்தவனானால் பத்து ஆண்டுகளில் விடுதலை என்பது பேச்சு. சூரியும் சம்மதித்தான் என்கிறான் குரூசோ. பின்னர் பிரேசிலிலே தோட்டம் வைத்து வேலைக்கு ஆளின்றித் தவிக்கையில், சூரியை விட்டது பிழை என்று நினைத்துக்கொள்கிறான்.

"நான் முந்தி வாசித்த சின்னப் புத்தகத்தில் இது இல்லை" என்று எழுதியிருந்தான் மாணவன். அதன் கீழே, "இவன் கவலைப்பட்டது சூரிக்காக இல்லை. வேலைக்கு ஆள் இல்லாததற்காக" என்று எழுதி, இரண்டு கோடுகள் இழுத்திருந்தான்.

குரூசோவின் கப்பல் உடைந்ததும் அடிமை வாணிகத்தின் வழியிலேதான். ஆபிரிக்காவிலிருந்து தோட்டங்களுக்கு அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணம் அது. 1713 ஆம் ஆண்டில், ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு அடிமைகளை வழங்கும் உரிமையைப் பிரித்தானியா ஓர் உடன்படிக்கை மூலம் பெற்றிருந்தது. அந்நாட்டில் அவ்வாணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது 1807 இலேயே. டீபோவின் வாசகர்களிற் பலர், சூரியை விற்ற இடத்தை ஒரு சாதாரணக் கொடுக்கல் வாங்கலாக எண்ணிக் கடந்திருப்பர். ஆனால் நூலை இன்று கையிலெடுப்பவன் அவ்விடத்தில் நிற்கத்தான் செய்வான்.

அடுத்து, கப்பல் உடைந்து குரூசோ மாத்திரம் கரை சேர்கிறான். தோழர்களைப் பின்னர் அவன் காணவேயில்லை. அவர்களுடைய மூன்று தொப்பிகளும், ஒரு குல்லாயும், ஒன்றுக்கொன்று சோடியில்லாத இரண்டு சப்பாத்துகளுமே கண்ணிற் பட்டன. இவ்விடத்திலே கொப்பியில் "சோடியில்லாத இரண்டு சப்பாத்து" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. வேறு குறிப்பு எதுவும் இல்லை. நான் கேட்கவுமில்லை. 2009 இல் காணாமற்போன மாமன் ஒருவரின் செருப்பு அவர்கள் வீட்டிலே இன்னும் எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர் அவனே சொன்னான்.

இதன் பின்னர் கொப்பியிலே உற்சாகம் பிறக்கிறது. உடைந்த கப்பலுக்குப் பன்னிரண்டு தடவை சென்று குரூசோ பொருள்களை எடுத்து வருகிறான். அரிசி, பாற்கட்டி, காய்ந்த ஆட்டிறைச்சி, துவக்குகள், வெடிமருந்து, பாய்மரச் சீலை, கயிறு, தச்சனின் ஆயுதப் பெட்டி. பொன் நிறைந்த கப்பலிலும் அப்பெட்டி மேலானதாக அவனுக்குப் படுகிறது. மாணவன் ஒரு கடைக்காரனைப்போல எல்லாவற்றையும் நிரல்படுத்தி எழுதியிருந்தான். "அப்பம்மா சொல்லுவா, இடம்பெயரேக்க நகையெல்லாம் எடுத்தம், கோடாலியை விட்டிட்டு வந்திட்டம் எண்டு" என்று ஓரத்திலே ஒரு குறிப்பும் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்த சனத்திரளில் நானும் ஒரு பாடசாலைச் சிறுவனாக நடந்தேன். எங்கள் சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியும் சான்றிதழ்ப் பெட்டியும் இருந்தன. அரிவதற்குக் கத்தி இல்லை என்பது மறுநாட் காலையிலேதான் தெரிந்தது. டீபோவின் வெற்றி இங்கேதான் இருக்கிறது எனலாம். உவமையோ அலங்காரமோ இன்றி, கணக்குப் புத்தகம் எழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். எழுத எழுத வாசகனும் தன் வீட்டுப் பொருள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறான்.

நடுப்பகுதியில் அவனுக்குச் சலிப்பு ஏற்பட்டதையும் மறைக்கவில்லை. "மூன்று நாளாக வாசிக்கவில்லை. ஒரே பிரசங்கம்" என்றிருந்தது. பெரிய மரத்தைத் தறித்து, மாதக்கணக்கிற் குடைந்து வள்ளம் செய்தபின், அதைத் தண்ணீருக்கு இழுக்க முடியாது என்று குரூசோ கண்டுகொள்ளும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாக எழுதியிருந்தான். பின்பு கடற்கரை மணலிலே அந்த ஒற்றைக் காலடி. அன்றிரவு பன்னிரண்டு மணிவரை வாசித்திருக்கிறான். "ஒரு கால் மட்டும் எப்படிப் பதியும்?" என்று கேட்டவன், அடுத்த வரியிலே, "இவ்வளவு வருஷம் ஒரு மனிசரைக் காண ஏங்கினவன், மனிசரின் அடையாளத்தைக் கண்டதும் ஒளிக்கிறான்" என்று எழுதியிருந்தான். குரூசோவுக்கே தோன்றும் எண்ணம் இது. நாவலின் மிக ஆழமான இடங்களுள் ஒன்றும் இதுவே.

இறுதியிலே வருபவன் பிறைடே. கொல்லப்பட இருந்த அவ்விளைஞனைக் குரூசோ ஒரு வெள்ளிக்கிழமை காப்பாற்றுகிறான். கிழமையின் பெயரையே அவனுக்கு இடுகிறான். தன்னை 'எசமான்' என்று அழைக்கப் பழக்குகிறான். மாணவன் கொப்பியோடு என் மேசைக்கு வந்து கேட்டது இதைப் பற்றித்தான்.

"சேர், அவனுக்கு முதலே ஒரு பேர் இருந்திருக்கும்தானே? இவன் ஏன் கேட்கவேயில்லை?"

அக்காலத்து ஐரோப்பியர் மனப்பாங்கு அது என்று விளக்கினேன். அவன் தலையாட்டினான். ஆனால் கொப்பியைத் திருப்பி மேலுமோர் இடத்தைக் காட்டினான். பின்னொரு சண்டையில் மீட்கப்பட்டவர்களுள் பிறைடேயின் தகப்பனும் இருக்கிறார். மகன் அவரைக் கட்டியணைத்து, அழுது, சிரித்து, ஆடி, மரத்துப்போன கைகால்களைத் தேய்த்துவிடுகிறான். அதனருகே மாணவன் எழுதியிருந்தது இதுதான்: "தகப்பன் இப்ப அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். குரூசோ பக்கத்திலேதான் நிற்கிறான். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை."

நேயர்களே, பல முறை வாசித்த நூல் இது. ஒரு முறையேனும் இக்கேள்வி எனக்கு எழுந்ததில்லை. குரூசோவின் தோளுக்குப் பின்னால் நின்றே நான் அக்காட்சியைப் பார்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இக்கேள்வியைப் பெரிய எழுத்தாளர்களும் வேறு வழிகளில் எழுப்பியிருக்கிறார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் மிஷேல் தூர்னியே 1967 இல் இக்கதையை மீள எழுதி, பிறைடேயையே வழிகாட்டியாக்கினார். தென்னாபிரிக்கரான ஜே. எம். குட்சி 1986 இல் எழுதிய 'ஃபோ' நாவலிலே பிறைடே நாவற்றவனாக வருகிறான்; அவன் கதையைச் சொல்ல எவராலும் முடிவதில்லை. இந்நூல்கள் எவற்றையும் அறியாமலே எமது மாணவன் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

அவனுக்கு நான் சொல்லக்கூடியதாக ஒன்று இருந்தது. குரூசோ கரையொதுங்கியதாக நாவல் கூறும் ஆண்டு 1659. அதற்கு அடுத்த ஆண்டு, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில், கண்டி அரசனின் ஆட்களால் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் உண்மையிலேயே பிடிக்கப்பட்டான். 1679 இல் தப்பி அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரை அடையும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவன் இத்தீவிலே கழித்தான். 1681 இல் வெளிவந்த அவன் நூலை டீபோ வாசித்திருந்தார். 1720 இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்ற்றன்' நாவலிலே நொக்ஸின் கதையைச் சுருக்கித் தந்துமிருக்கிறார். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தான். அதற்கு அயலவரின் மொழியைக் கற்கவேண்டியிருந்தது. குரூசோவோ தன் மொழியைப் பிறைடேக்குக் கற்பித்தான். துவக்கு யார் கையிலிருக்கிறதோ அவர் மொழியே கற்பிக்கப்படுகிறது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் விளங்கிக்கொள்ளலாம்.

"அப்ப இந்தப் புத்தகம் கூடாததோ, சேர்?" என்று கேட்டான்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்றேன்.

சற்று யோசித்து, "கீழே வைக்க ஏலாமல் வாசிச்சன். ஆனால் சூரியை வித்ததை மன்னிக்க ஏலாமலும் கிடக்கு. ரெண்டும்தான் சேர்" என்றான்.

இதைவிடச் சிறந்த திறனாய்வை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நூலை விரும்புவதும் அதனோடு வழக்காடுவதும் ஒரே வாசிப்பிலேயே நிகழக்கூடும். நாம் மாணவருக்கு முதலில் முடிவுகளைக் கொடுத்துவிட்டுப் பின்னரே நூலைக் கொடுக்கிறோம். அதனால் சூரியும், அந்தச் சப்பாத்துகளும், சொல்லப்படாத அந்தப் பெயரும் அவர்கள் கண்ணிற் படாமலே போய்விடுகின்றன. தனியொருவனின் கதை என்று நாம் சொல்லிப் பழகிய இந்நாவலிலே, அவன் அருகில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை ஒரு வெற்றுக் கொப்பி காட்டித்தந்தது.

உங்கள் வீட்டிலே வாசிக்கும் பிள்ளை இருந்தால், புத்தகத்தோடு ஒரு கொப்பியையும் கொடுங்கள். நிறைந்ததும் வாங்கிப் பாருங்கள்.