நிரை போட்டு வேலை செய்யும் கணினிகள்

கொஸ்லந்தையில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "பாடசாலைக் களஞ்சிய அறையில் பத்துப் பழைய கணினிகள் கிடக்கின்றன. ஒன்றாக இணைத்தால் சுப்பர் கணினி ஆகுமா?"

ஆகும், மகள். ஆனால் மின்மானியை முதலில் பார்க்க வேண்டும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒரு மலையை ஓர் ஆள் பறித்து முடிப்பதற்குள் கொழுந்து முற்றிவிடும். கங்காணி நிரை பிரித்துக் கொடுத்தால் அந்தியில் எல்லாக் கூடையும் மடுவத்துக்கு வந்துவிடும். பெரிய கணக்கைத் துண்டு போட்டுப் பல கணினிகளுக்குக் கொடுத்து, விடைகளை ஓரிடத்தில் சேர்ப்பதும் இதே வேலைதான். 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் வாங்கக்கூடிய 16 கணினிகளைச் சாதாரண வலைக் கம்பியால் இணைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் பெயோவுல்ஃப்.

ஒரு சிக்கல் உண்டு. நிரையில் நிற்பவர் பக்கத்து நிரையைக் கேட்டுப் பறிப்பதில்லை. மழையைக் கணிக்கும் கணக்கில் அப்படி முடியாது. மலைச்சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால், ஒரு கட்டத்தின் காற்றும் ஈரமும் பக்கத்துக் கட்டத்திலிருந்து வர வேண்டும். கணினிகள் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு தாமதித்தால் வேலை நின்றுவிடும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த, 2004இல் உலகின் அதிவேகக் கணினிப் பட்டியலில் ஏறிய 'கப்ரு' இதனால்தான் தன் 144 கணினிகளில் ஒவ்வொன்றையும் ஆறு அயல் கணினிகளோடு நேரடியாகப் பிணைத்திருந்தது. அதன் பெயர் ஓர் இமயச் சிகரத்தினுடையது.

என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கும் விசயம் வேறு. மெதுவாக ஓடும் செயலிதான் சிக்கனமானது. செயலி குடிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு மட்டுமல்ல, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தத்தையும் குறைக்கலாம். முப்பது சதவீதம் குறைத்தால் செலவு ஏறக்குறைய கால்வாசிதான். அப்படி இரண்டு செயலிகளை வைத்தால், பிரிக்கக்கூடிய கணக்கில், பழைய வேலை பாதி மின்சாரத்தில் முடிகிறது!

கணினி விஞ்ஞானி வூ-சுன் ஃபெங் இதைச் செய்து காட்டினார். 2002இல் அமெரிக்காவின் லொஸ் அலமோசில், கடல் மட்டத்திலிருந்து 7,400 அடி உயரத்தில், குளிரூட்டி இல்லாத தூசி படிந்த கிடங்கு ஒன்றில் 240 செயலிகளை அடுக்கினார். உயரத்தில் காற்று மெல்லியது, வெப்பத்தை எடுத்துச்செல்லும் சக்தி குறைவு. முப்பது பாகை செல்சியசை நெருங்கும் சூட்டில் அங்கே இருந்த பழைய கணினிக் கூட்டம் கிழமைக்கு ஒருமுறை படுத்துவிடும். புதியது 3.2 கிலோவாட்டில் படுக்காமல் ஓடியது. ஒரு திரைப்படத்தில் வரும் வாளின் பெயரை வைத்து அதை 'கிரீன் டெஸ்டினி' என்றார்கள்.

காற்று, சூடு என்றதும் தேயிலை பெக்டரியின் மேல்மாடி ஞாபகம் வருகிறது. விசிறி கீழிருந்து ஊதும் காற்று கொழுந்தின் இடைவெளியில் புகுந்து மேலேறினால்தான் சீராக வாடும். அமுக்கிப் பரப்பினால் நடுவில் சூடேறும். கணினிப் பலகைகளையும் இடைவெளி விட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மகள், அந்தப் பத்தும் பழைய மேசைக் கணினிகளாக இருந்தால் ஒவ்வொன்றும் நூறு வாட்டுக்குக் குறையாமல் கேட்கலாம். ரஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகை முழு வேலையிலும் ஏழெட்டு வாட்டுக்குள் நிற்கும். சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல் 64 ரஸ்பெரி பை பலகைகளை இணைத்தார்கள். தாங்கியை லேகோ கட்டைகளால் அமைக்க உதவியது அதை முன்னின்று செய்த பேராசிரியரின் ஆறு வயது மகன்.

ஆனால் களஞ்சிய அறைப் பூட்டு எனக்கு வலிக்கிறது. கணினிகளைக் கைபடாமல் வைத்துப் பழுதாக்கும் பழக்கத்தை எங்கள் தோட்டப் பாடசாலைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து இறங்கிய மலைக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகளுக்கு மழையைக் கணக்கிடக் கற்பது பொழுதுபோக்கு இல்லை. டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மென்பொருள் இலவசம். லினக்ஸ் இயங்குதளமும் இலவசம்.

அதிபரிடம் சாவியைக் கேள், மகள். இரண்டு கணினிகளை இணைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கு. எத்தனை வாட் ஆனது என்று எழுதி அனுப்பு.