எடைக்குப் போகும் கருவிகள்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் துணிமணி வாங்க வருகிறார்கள். கைவேலை தெரிந்த உள்ளூர்க்காரர்கள் தேடிப்போவது வேறு. பனியன், செருப்பு, பிளாஸ்டிக் சாமான் குவியல்களைத் தாண்டினால், சாக்கு விரித்துப் பழைய சாமான் பரப்பியிருப்பவர்கள் தென்படுவார்கள். துருவேறிய ஸ்பேனர், பிடி கழன்ற சுத்தியல், பல் மழுங்கிய ரம்பம், ஒயர் அறுந்த டிரில் மெஷின், ஜோடி பிரிந்த கீல், எதிலிருந்து கழற்றியது என்றே சொல்ல முடியாத பல்சக்கரம். அவற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளறுகிறவர்களில் பிளம்பர் உண்டு, டூவீலர் மெக்கானிக் உண்டு, தச்சர் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு வீட்டுத் தாழ்வாரத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ சின்னதாய்ப் பட்டறை போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அந்தச் சாக்கில் விற்காமல் மிஞ்சுவது கடைசியில் காயலான் கடைத் தராசுக்குப் போகிறது. அங்கே ஷெஃபீல்டில் அடித்த உளிக்கும் வளைந்த ஆணிக்கும் ஒரே விலை. ‘ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று வண்டிக்காரர் கூவிவந்த நாளிலிருந்து நம் வீடுகளில் இது வழக்கம். உடைந்ததை, தேய்ந்ததை, இனி ஆகாததை எடைக்குப் போடுவதில் தவறில்லை. அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால், பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு மிச்சம். ஆனால் வேலை செய்யக்கூடிய ஒரு கருவியை இரும்பு விலைக்குக் கொடுப்பது பெரிய நட்டம். அதைச் செய்தவரின் உழைப்பும், வைத்திருந்தவரின் பழக்கமும் சேர்ந்தே உலையில் போகின்றன.

புதுச்சேரியில் இந்த நட்டம் இன்னும் கூடுதலாக உறுத்துகிறது. இன்று சுற்றுலாவுக்குப் பெயர் வாங்கிய இந்த ஊர், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மில் ஊராக இருந்தது. சவானா மில், மக்கள் வாயில் ‘ரோடியர் மில்’ ஆகிவிட்ட ஏ.எஃப்.டி., பின்னாளில் பாரதி மில் ஆன கெப்ளே மில் ஆகிய மூன்றின் சங்குச் சத்தத்தில்தான் ஊரின் பொழுது விடிந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி., 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் பலத்த சேதம் அடைந்து, தள்ளாடி, 2020 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது.

மில் என்றால் நூற்பவரும் நெய்பவரும் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு மில்லுக்குள்ளும் ஃபிட்டர், டர்னர், கொல்லர், தச்சர், எலெக்ட்ரீஷியன் என்று இன்னொரு படை இருந்தது. தறியின் ஒரு பல்சக்கரம் உடைந்தால் சீமையிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க முடியாது. அளவெடுத்து, வார்த்து, கடைந்து, அரம் போட்டுப் பொருத்த வேண்டும். அப்படிப் பழகிய கைகள் முதலியார்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் வீடு திரும்பி, மாலையில் பக்கத்து வீட்டுச் சைக்கிளையும் தையல் மெஷினையும் பழுது பார்த்தன. அந்தக் கருவிப்பெட்டிகள் பல வீடுகளின் பரணில் இன்னமும் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போதோ சொத்து பிரிக்கும்போதோ கீழே இறங்குகின்றன. நேரே தராசுக்குப் போகின்றன.

பழைய உலோகத்தை மதிக்கத் தெரிந்த ஊர்தான் இது. அதற்குச் சாட்சியாக ஒரு கட்டடமே நிற்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியை, பொஹீமியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா, இளைஞராக இங்கே தங்கி வேலையைக் கவனித்தார். ஹைதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி மூலம் நன்கொடை கிடைத்ததால் அந்தப் பெயர். 1937-இல் தொடங்கிய வேலை உலகப் போருக்குள் மாட்டிக்கொண்டது. கடைக்குப் போய்க் கீலும் கைப்பிடியும் வாங்கிவரக்கூடிய காலம் அது இல்லை. ஆசிரமத்தார் பழைய பித்தளைப் பாத்திரங்களைச் சேர்த்து உருக்கி, கதவு சன்னல்களுக்கு வேண்டிய பித்தளைச் சாமான்களைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். அந்த வேலைக்காக எழுந்த பட்டறைக்கு ‘ஹார்ப்பகான்’ என்று பெயர். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் படைத்த மகா கஞ்சனின் பெயர் அது. இந்தியாவின் முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்றாக உலகம் கொண்டாடும் கோல்கொண்டாவின் கீலிலும் கொக்கியிலும் யாரோ ஒருவர் வீட்டுச் செம்பும் தவலையும் இருக்கின்றன. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு பழைய பாத்திரத்துக்குச் செய்ய முடியாது.

வீட்டுப் பட்டறைக்கு என்ன தேடலாம்? என்னைக் கேட்டால் முதலில் வைஸ். இதில் பழையது பெரும்பாலும் புதியதைவிட நல்லது. இப்போது மலிவு விலையில் வரும் வைஸ்கள் பலவும் மட்டமான வார்ப்பு; இறுக்கிப் பிடித்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டால் தாடை விண்டுவிடும். சந்தையில் பழைய வைஸைக் கண்டால் துருவைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். துரு மேல்தோல்தான். திருகைக் கடைசிவரை சுழற்றிப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால் நடுவில் ஓரிடத்தில் வழுக்கும். பிறகு சின்னச் சுத்தியலால் உடம்பெங்கும் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் தட்டிப் பார்ப்பது போலத்தான்: கணீரென்றால் எடுத்துக்கொள்ளலாம், பொத்தென்றால் உள்ளே விரிசல். வெல்டிங் தழும்பு தெரிந்தால், என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

அடுத்தது ஸ்பேனர். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிரான்ஸ் 1790-களிலேயே மீட்டருக்கு மாறிவிட்டது. ஆங்கிலேயர்களோ ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த அங்குல மரையை விடவில்லை. தென்னிந்திய மில்களில் ஓடிய பழைய இயந்திரங்களில் பல, ஓல்டாம் ஊரின் பிளாட் பிரதர்ஸ் போன்ற ஆங்கில ஆலைகளில் வார்த்தவை. இந்தியா 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு வந்த பின்னும் அந்த இயந்திரங்கள் அங்குலத்திலேயே ஓடின. ஆகவே நம் சந்தைச் சாக்கில் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்தே கிடக்கும். ‘1/2 W’ என்று பொறித்த ஸ்பேனரின் வாய் அரை அங்குலம் இருக்காது. முக்கால் அங்குலத்துக்கும் மேலே இருக்கும். அரை அங்குல போல்ட்டின் தலைக்கு அது பொருந்தும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். போல்ட்டிலும் அப்படியே. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, மரையின் கோணம் 55 பாகை. பன்னிரண்டு மில்லி மெட்ரிக் போல்ட்டில் மரைக்கு மரை 1.75 மில்லி, கோணம் 60. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நட்டு இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் கடிக்கும். பலம்போட்டு ஏற்றினால் இரண்டு மரையும் போச்சு. பழைய போல்ட்டு வாங்கப் போகிறவர் பையில் மரை அளக்கும் கேஜ் ஒன்று இருக்கட்டும்.

இரும்பின் ஜாதகத்தைத் தீப்பொறி சொல்லும். கிரைண்டிங் சக்கரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சாதாரண எம்.எஸ். இரும்பு நீளமான, கிளை குறைந்த மஞ்சள் பொறி விடும். கரி கூடிய எஃகில் பொறி மத்தாப்பாய்ச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டை, சிவப்பு. மழுங்கிப்போன அரம் மத்தாப்பாய்ச் சிதறும் வகை. ஒரு விழுக்காட்டுக்கும் மேல் கரி உள்ள எஃகு அது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அறுக்கவும் ராவவும் இளகும். உளியாகவோ சுரண்டியாகவோ உருமாற்றி, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, கடைசியாக வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் பதம் பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் பதத்தைத் தவிர்த்தால் முதல் அடியிலேயே உடைந்து தெறிக்கும். லாரியின் கமான் பட்டை இன்னொரு புதையல். சிவகங்கைச் சீமைத் திருப்பாச்சேத்தியில் பேர்போன அரிவாள்களை அடிப்பது அந்தப் பட்டையில்தான்.

பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால், நல்ல வேலைமேசை ஆகும். வாஷிங் மெஷின் மோட்டாரும் வெட் கிரைண்டர் மோட்டாரும் சாணைக்கும் பாலிஷ் சக்கரத்துக்கும் போதும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: மின்கருவி வாங்கினால் ஒயரை முழுதாக மாற்றாமல், எர்த் இணைக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள்.

கடற்கரை ஊரில் துருவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உப்புக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், துடைத்து வைத்த இரும்பு மறுநாளே செந்தூளாய்ப் பூக்கும். சின்னக் கருவிக்குப் புளிக்கரைசலோ வினிகரோ போதும். ஓரிரவு ஊறப்போட்டுப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் துரு விடும். பெரியதற்கு மின்முறை. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் கவ்விவிட்டால், துரு தானே கழன்று வரும். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன் என்பதால் வெட்டவெளியில் செய்யுங்கள். முடிந்ததும் வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் பூச வேண்டும். கழுவிய ஈரத்தோடு வைத்துவிட்டுப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்று நினைத்தால் எல்லா உழைப்பும் வீண்.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு. சீல் வைத்த ஷாக் அப்சார்பர், பழைய கேஸ் சிலிண்டர் ஆகியவற்றைக் கட்டர் கொண்டு அறுத்தால் வெடிக்கும். ஜி.ஐ. பைப்பை அப்படியே வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை ஏறிக் குளிர்காய்ச்சல் வரும். முதலில் பூச்சை நீக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ வந்த, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளைகளை நெருங்கவே வேண்டாம். 2010-இல் தில்லி மாயாபுரி காயலான் கடைத் தெருவுக்கு, தில்லிப் பல்கலைக்கழகம் கழித்துவிட்ட ஓர் ஆய்வுக் கருவி வந்தது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது யாருக்கும் தெரியாது. பிரித்தவர்கள் கதிர்வீச்சில் கருகினார்கள், ஒருவர் இறந்தார். எடைக்கு வருவது இன்னது என்று தெரியாமல் உயிரைக் கொடுப்பவர் கடைசியில் அந்தக் கடைத் தொழிலாளிதான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு அருமையாய் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்கு ரசீது இல்லாத துண்டு உங்கள் வீட்டில் இருந்தால் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் பாயும். மின்வாரியச் செம்புக் கம்பியும் பாதாளச் சாக்கடை மூடியும் அதே கதை. விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால் விலகிப் போவதே சரி.

மீட்ட கருவி எல்லாமே கடைசிவரை நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடிக்கும் பிள்ளைகள் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை தேடுகிறார்கள். சொந்தமாக ஒரு வெர்னியரோ, மூலைமட்டமோ, நல்ல அரமோ வாங்க வசதியில்லாதவர்கள் அவர்களில் பலர். ஊரில் ஒரு பக்கம் கருவி எடைக்குப் போகிறது, இன்னொரு பக்கம் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு தெருதான்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் தாத்தாவோ அப்பாவோ மில்லில் ஃபிட்டராகவோ தச்சராகவோ இருந்திருந்தால், பரணில் அவர் பெட்டி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அதைத் தராசில் ஏற்றாதீர்கள். துருவெடுத்து எண்ணெய் பூசுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், ஆயுத பூசைக்கு முன்னால் அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியரைப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அதை யாருக்குத் தர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.