அணையை உடைத்தது நண்டா, அலட்சியமா?

2019-ம் ஆண்டு ஜூலை 2. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் அடைமழை. ஊர் அடங்கும் இரவு நேரத்தில், சிப்ளூண் வட்டத்தில் இருக்கும் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. கீழே இருந்த குடியிருப்பில் பத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இருபது பேர் அளவில் உயிரிழந்தார்கள்.

அணையில் கசிவு இருப்பதாக ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். அணையை நண்டுகள் துளைத்துவிட்டன என்றார் மாநில அமைச்சர் ஒருவர். கொதித்துப்போன எதிர்க்கட்சியினர், நண்டுகளைக் காவல் நிலையத்துக்கே கொண்டுபோய் அவற்றைக் கைது செய்யச் சொல்லிப் போராடினார்கள்.

நாடே சிரித்த பேச்சுதான். ஆனால், நண்டு மண் கரையைத் துளைக்கும் என்பதில் பொய் இல்லை. வயல் வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தாலே தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். வளையைப் பார்த்த உடனே ஒரு கை சேற்றை அள்ளி அடைத்துவிடுவார்கள். நண்டு ஒரே இரவில் அணையை உடைப்பதில்லை. வளை பெரிதாகும்வரை அந்தக் கரையில் யாரும் நடக்கவில்லை என்றால்தான் ஆபத்து.

மண் கரை எப்படி உடைகிறது?

தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. ஏரிக்கரை என்பதும் ஒரு மண் அணைதான். பாசனத்துக்குத் தண்ணீர் தருவதோடு, பெருமழையைத் தேக்கி ஊரை வெள்ளத்திலிருந்து காப்பதும் அதுதான். பல ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலே ஒரு கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழே ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஏரியின் தலையில் விடியும்.

மண் கரை பெரும்பாலும் மூன்று விதமாக உடையும்.

முதலாவது, தண்ணீர் கரைக்கு மேலே வழிவது. கான்கிரீட் அணை இதை ஓரளவு தாங்கும். மண் கரை தாங்காது. வழியும் தண்ணீர் வெளிப்பக்கத்து மண்ணை அரித்து, சில மணி நேரத்தில் வாய் பிளக்க வைத்துவிடும். உபரி நீர் வெளியேறக் கலங்கல் வைத்திருப்பது இதற்காகத்தான். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவதும், உபரி நீர் போகும் கால்வாயில் வீடு கட்டுவதும் கரைக்கே குழி பறிக்கும் வேலை.

இரண்டாவது, உள்ளரிப்பு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய பாதை, மதகுக் கட்டடமும் மண்ணும் சேரும் இடத்து இடுக்கு என ஏதோ ஒரு வழியில் தண்ணீர் நுழையும். போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணையும் எடுத்துச் செல்லும். உள்ளே ஒரு குழாயே உருவாகிவிடும். வெளியே பார்த்தால் கரை கம்பீரமாக நிற்கும்.

மூன்றாவது, சரிவு. ஊறிய கரை தன் பாரம் தாங்காமல் சரியும். கரையின் அடியில் மண் வெட்டி எடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் சரியும். நிரம்பிய ஏரியை அவசரமாக வடித்தாலும், ஊறிப்போன உள்பக்கச் சரிவு பெயர்ந்து விழலாம்.

கரை முன்கூட்டியே சொல்லும்

மண் கரை பெரும்பாலும் அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் உடைகிறது. கவனிக்க வேண்டியவை இவை:

• கசியும் தண்ணீர் தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாகவோ, நாளுக்கு நாள் அதிகமாகவோ வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். இது அவசர நிலை.

• கரையின் வெளிப்பக்க அடியில் திடீர் ஈரம், கால் புதையும் சேறு, உலை கொதிப்பதுபோல் மணல் குமிழியிட்டு வருவது.

• கரையின் மேல் நீளவாக்கில் விரிசல், பள்ளம், ஓரிடம் மட்டும் தாழ்ந்திருப்பது.

• கரையில் புதர், சீமைக் கருவேலம், பெரிய மரங்கள். புல் மூடிய கரைதான் நல்லது. வளையோ விரிசலோ இருந்தால் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். பெரிய மரத்தை வேரோடு பிடுங்குவதும் ஆபத்து என்பதால், அதைப் பொறியாளரிடம் விட்டுவிட வேண்டும்.

இதில் எதைப் பார்த்தாலும் கரையில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. செல்போனில் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறைக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கும் உடனே சொல்லிவிட வேண்டும்.

யார் பொறுப்பு?

2021-ல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ள அணைகளில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் அதில் அடங்கும். உயரம் குறைந்த ஏரிக்கரைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. சிறியது என்பதால் கீழே குடியிருப்பவருக்கு ஆபத்து சிறிதாகிவிடாது. ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம் இன்று மனைப்பிரிவு. கரை அப்படியேதான் இருக்கிறது. அது உடைந்தால் போகும் உயிர்களின் எண்ணிக்கைதான் கூடிவிட்டது.

இலங்கையின் கந்தளாய்க் குளம் பழங்காலத்து மன்னர்கள் கட்டியது. நூற்றாண்டுகளைத் தாண்டி நின்ற அந்தக் கரை, 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. இத்தனை காலம் நின்றது, இனியும் நிற்கும் என்ற நம்பிக்கை எந்தக் கரைக்கும் உத்தரவாதம் ஆகாது.

இது முன்னோருக்குத் தெரிந்திருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்ததை, பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என ஊருக்கு ஊர் ஒருவர் இருந்தார். மழை இரவில் கையில் விளக்கோடு கரையில் நடப்பது அவர் வேலை. அதற்கு ஊரே நெல் அளந்தது. ஆண்டுக்கொரு முறை வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்துவது குடிமராமத்து. அந்தப் பெயரிலேயே 2017-ல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

தூர்வாருவதும் கரையை உயர்த்துவதும் அரசுப் பணத்தில் நடக்கும். ஆனால், கரையில் நடந்து பார்க்கும் கண்களுக்கு டெண்டர் விட முடியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். வளை எங்கே, ஈரம் எங்கே என்று பெரியவர் காட்டுவார். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.