கண்ணொளி வழங்கும் கழகங்கள்

உடலுறுப்புகளுள் தலைசிறந்தது கண்ணே. கண்ணொளி மங்கியவர்க்குப் பகலும் இரவாகும். பழகிய வீடும் அயலிடமாகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்சீமையில் இத்துன்பம் பின்னும் பெரிது. அது வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் நிலம். ஆண்டு முதிர்ந்தோரும் அங்குக் களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் காட்டு வேலைக்குச் செல்வர். தீப்பெட்டித் தொழிலில் கூலி பெறுவோரும் பலர். பார்வை போனால் அவர்க்குக் கூலி போகும். கூலி போனால் ஒரு பிடி சோற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும்.

முதுமையில் பார்வை மறைவதற்குப் பெருங்காரணம் கண்புரையாகும். கண்ணின் உள்ளே பளிங்கு போன்ற வில்லை ஒன்று உண்டு. ஒளி அதனூடே சென்று விழித்திரையில் படுவதாலேயே நாம் பொருள்களைக் காண்கிறோம். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வில்லை தெளிவிழந்து வெளுக்கிறது. மருந்தாலும் பத்தியத்தாலும் இது மாறாது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால், பெரும்பாலோர்க்குப் பார்வை மீண்டும் கிடைக்கும். எனினும், பணமின்மையாலும் அச்சத்தாலும் துணைக்கு வருவார் இன்மையாலும் சிற்றூர் முதியோர் பலர் மருத்துவமனையை நாடுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே தொண்டுக் கழகங்கள் முன்வருகின்றன.

1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்தம் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியமையால் அது சுழற்கழகம் எனப்பட்டது. 1929இல் சென்னையிலும் அது தோன்றியது. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பார் அரிமா சங்கம் உருவாக வழிகோலினார். பார்வையும் கேள்வியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925இல் அச்சங்கத்தாரின் மாநாட்டில் தோன்றி, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அன்று முதல் கண்ணொளித் தொண்டு அவர்தம் தலையாய பணியாயிற்று. 1956இல் அச்சங்கம் இந்தியாவிலும் கால் கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கண் முகாம் நடைபெற வேண்டுமாயின், அதற்கு முந்திய வாரம் முழுவதும் கழகத்தார்க்கு ஓய்வில்லை. பள்ளிக் கட்டடத்தை இசைவு பெற்று ஒழுங்கு செய்வார் சிலர். துண்டு அறிக்கைகளை ஊர்தோறும் வழங்குவார் சிலர். ஒலிபெருக்கி கட்டிய வண்டி சிற்றூர்த் தெருக்களில் செய்தி பரப்பும். வணிகர் அரிசியும் காய்கறியும் உதவுவர். மாணவர் முதியோரைக் கைப்பிடித்து அழைத்து வருவர். முகாம் நாளில் மருத்துவக் குழுவினர் பார்வையையும் கண்ணழுத்தத்தையும் குருதியழுத்தத்தையும் சோதிப்பர். கண்ணாடி வேண்டுவோர்க்கு அதற்குரிய அளவு குறித்துத் தருவர். அறுவை வேண்டுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வர். மருத்துவம், உணவு, பயணம் ஆகியவற்றிற்கு அவர்கள் ஏதும் தரவேண்டுவதில்லை. திரும்பி வந்தோரைச் சின்னாட்கள் கழித்து மீண்டும் சோதிப்பதும் முகாமின் கடமையாகும்.

இம்முறையைச் செம்மையுறச் செய்தவர், இக்கரிசல் மண்ணிலேயே பிறந்தவர் என்பது அறிந்து மகிழத்தக்கது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியில் தோன்றினார். உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றின்பொழுது இறந்ததைக் கண்டு, மகப்பேற்று மருத்துவராக விழைந்தார். 1944இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஆயின், கொடிய மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது, விரல்கள் கோணின. அவர் மனம் கோணவில்லை. கண் மருத்துவம் பயின்று, வளைந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் 1,00,000 பேருக்கு மேல் கண் அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தருவோரிடம் பெற்ற வருவாயைக் கொண்டே ஏழையர்க்கு இலவச மருத்துவம் அளித்தார். அம்மருத்துவமனையின் முகாம்களுக்கு ஊர்தோறும் உள்ள தொண்டுக் கழகங்கள் தோள் கொடுத்தன. 2006இல் அவர் மறைந்த பின்னும் அப்பணி தொடர்கிறது.

மருத்துவர் ஒருவரே ஊர் ஊராகச் சென்று முதியோரைத் தேடி அழைத்தல் இயலாது; கழகத்தார் மட்டும் கூடிக் கண்புரையை அகற்றுதலும் இயலாது. மருத்துவரின் திறமும் ஊராரின் உழைப்பும் ஒன்றுபடும்பொழுதே, இருண்ட கண்ணில் ஒளி பிறக்கிறது. பொருள் இல்லாதவரும் இத்தொண்டில் பங்கு கொள்ளலாம். முதியவர் ஒருவரின் கையைப் பிடித்து முகாம் வரையில் அழைத்துச் செல்லும் சிறுவனும் அவர்க்குக் கண் கொடுத்தவனே ஆவான்.