பளபளப்பா, பாதுகாப்பா?

மாத்தளையில் எம் நண்பர் ஒருவரிடம் பாட்டனார் காலத்துச் சுழல்துப்பாக்கி ஒன்று உண்டு. அதற்கு அனுமதிப்பத்திரமும் உண்டு. ஆங்காங்கே துரு ஏறிவிட்டது. நிக்கல் முலாம் பூசினால் கண்ணாடிபோல் மின்னுமே என்பது அவர் ஆசை.

முலாம் அழகியதே. ஆயினும் அது உருக்கின்மேல் போர்த்த வேற்றுலோகப் போர்வை. போர்வை கீறுண்டால் ஈரம் உட்புகும். நிக்கல் தப்பிக்கொள்ள, அடியிலுள்ள இரும்பே விரைந்து அரிபடும். ஈரலிப்பு மிகுந்த எமது மலைப்பிரதேசத்தில் இதனை மறத்தலாகாது.

நீலமேற்றல் வேறு வகை. உருக்கின் மேற்பரப்பையே கரிய ஒட்சைட்டாக மாற்றுவது அது. செந்துரு உதிரும், இக்கருந்துருவோ ஒட்டிநின்று எண்ணெயைத் தாங்கும். எண்ணெய் இன்றேல் அதன் காவலும் சொற்பமே.

எதைத் தேர்ந்தாலும் முதலில் உலோகத்தைத் தேய்த்து மெருகிடவேண்டும். அளவுமீறித் தேய்த்தால், செய்தவர் முத்திரையும் தொடரிலக்கமும் மங்கிப்போம். அனுமதிப்பத்திரம் துப்பாக்கியை இனங்காண்பது அவ்விலக்கத்தாலன்றோ?

பொறித்த எழுத்தின் அருமையைக் கண்டிப் பீரங்கி ஒன்று உணர்த்தும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அதனை 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்றனர். லெவ்கே திசாவையின் பெயரை அதிற் பொறித்த சிங்கள எழுத்துக்களே அதன் பிறப்பை உரைத்தன. 2023இல் அது தாயகம் மீண்டது.

இவற்றைக் கேட்ட நண்பர் முலாம் ஆசையைக் கைவிட்டார். மெல்லிய துணியும் சிறிது எண்ணெயுமே இப்போது அவர் கையில். பாட்டனாரின் துப்பாக்கி மின்னவில்லை. ஆனால் அதன் இலக்கம் தெளிவாய்த் தெரிகின்றது.